டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் ஆயில் கசிகிறது: என்ஜினை இறக்க வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 1968-ஆம் வருட மாடல் அம்பாசிடர் மார்க் 2 இருக்கிறது. அப்பா ஆசையாக வாங்கி ஓட்டிய வண்டி. அவர் காலமான பிறகு ஐந்தாறு வருடம் ஷெட்டிலேயே நின்றுவிட்டது. போன வருடம் டயர், பேட்டரி, பிரேக், கார்புரேட்டர் எல்லாம் பார்த்து மறுபடி ஓட்டத்துக்குக் கொண்டுவந்தேன். நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கீழே ஆயில் கசிகிறது. இரவு நிறுத்தினால் காலையில் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. ஒரு மெக்கானிக் பேஸ்ட் தடவிக் கொடுத்தார். சில நாளில் மறுபடியும் கசிந்தது. இன்னொருவர், "என்ஜின் தேய்ந்துவிட்டது, இறக்கி போர் செய்தால்தான் (சிலிண்டரைக் கடைந்தால்தான்) நிற்கும்" என்று பெரிய தொகை சொல்கிறார். நெருப்புப் பொறி பறக்கிற இடத்தில் ஆயில் கசிகிறதே, தீப்பிடித்துவிடாதா என்று என் மனைவி வண்டியில் ஏறவே மறுக்கிறார். என்ன செய்வது? விற்றுவிடுவதுதான் நல்லதா?
எஸ்.கே., காரைக்குடி

பதில்: அன்புள்ள எஸ்.கே. அவர்களுக்கு,

உங்கள் மனைவி கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அளவு கசிவால் வண்டி தீப்பிடிக்காது. டிஸ்ட்ரிபியூட்டரில் (பிளக்குகளுக்குப் போகும் மின்சாரத்தை நான்கு சிலிண்டருக்கும் முறைவைத்துப் பங்கிடும் கருவி) பொறி பறப்பது மூடிக்கு உள்ளே. ஆயில் கசிவது வெளியே, அதன் தண்டு என்ஜினுக்குள் நுழையும் இடத்தில். தவிர, என்ஜின் ஆயில் பெட்ரோலைப் போலச் சட்டென்று பற்றிக்கொள்ளும் பொருள் அல்ல. அதன் ஆவி தீப்பற்றவே 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வேண்டும். அவ்வளவு சூடேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (புகைக்குழல் தொகுதி) உங்கள் என்ஜினில் இடப்பக்கம் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் ஓட்டுநர் உட்காரும் வலப்பக்கம். இரண்டுக்கும் நடுவே முழு என்ஜினும் நிற்கிறது. இதை அவரிடம் பானெட்டைத் திறந்தே காட்டுங்கள். சொல்லிக் கேட்பதைவிடப் பார்த்தால் பயம் தெளியும்.

ஆனால் அவர் பயத்தில் ஒரு நியாயம் உண்டு. பானெட்டுக்குள் பெட்ரோல் வாடை வந்தால் அது வேறு விஷயம். அப்போது வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. குழாய், கார்புரேட்டர், பம்ப் மூன்றையும் பார்த்த பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். டிப் ஸ்டிக்கை (ஆயில் அளவு காட்டும் கம்பி) உருவி முகர்ந்து பாருங்கள். அதில் பெட்ரோல் வாடை அடித்தாலோ, நீங்கள் ஊற்றாமலே அளவு மேலே ஏறியிருந்தாலோ, ஆயிலில் பெட்ரோல் கலக்கிறது என்று அர்த்தம். அதை முதலில் சரிசெய்து, ஆயிலையும் மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. அப்படி எதுவும் இல்லையென்றால் மேலே படியுங்கள்.

என்ஜினை இறக்கச் சொன்னாரே ஒருவர், அவர் சொன்னது உண்மையாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் ஆயில் வருகிறது என்ற ஒரே அடையாளத்தை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது, வரவும் கூடாது. பெரும்பாலும் இது இறுகிப்போன ஒரு ரப்பர் வளையத்தோடு முடிந்துவிடும் வேலை. அதற்கு முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. அவற்றை வரிசையாகப் பார்க்காமல் பேஸ்ட் தடவியதால்தான் உங்களுக்கு மறுபடி கசிந்தது.

உங்கள் வண்டியில் இருப்பது இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த பி-சீரிஸ் என்ஜின், 1489 சி.சி. மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 காரை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் அம்பாசிடர் உருவாகிச் சிறிது காலத்தில் இந்த என்ஜின் அதில் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டியதும் இதே 1489 சி.சி. என்ஜின்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உலகம் முழுவதும் இந்தக் குடும்பத்து என்ஜின்களை இன்றும் ஆர்வமாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் ஆயில் கசிவது அவர்கள் எல்லோரும் அறிந்த பழைய குறை. மருந்தும் தெரிந்த மருந்துதான்.

அந்த இடத்துக்கு ஆயில் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானே புரியும். என்ஜினுக்குள் கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) சுழல்கிறது. அதில் சாய்ந்த பற்கள் வெட்டிய ஒரு பகுதி உண்டு. அந்தப் பற்கள் இன்னொரு குட்டைத் தண்டைச் சுழற்றுகின்றன. அந்தக் குட்டைத் தண்டின் மேல்முனையில் ஒரு பிளவு இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் அடிநுனி அதில் போய் உட்கார்ந்து சேர்ந்து சுழலும். கீழே பற்கள் இருக்கும் இடம் ஆயிலில் நனைந்தபடியே இருக்கும். ஆனால் அங்கே வருவது தெறிக்கும் ஆயில்தான். பம்ப் அழுத்தித் தள்ளும் ஆயில் அல்ல. தெறிப்பைத் தடுக்க ஒரு மெல்லிய வளையமோ ஒரு காகித பேக்கிங்கோ போதும். அவ்வளவு எளிய தடுப்பையும் மீறி ஆயில் வெளியே வந்தால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: தடுப்பு செத்துவிட்டது, அல்லது உள்ளிருந்து ஏதோ ஒன்று ஆயிலைத் தள்ளுகிறது. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. ஆயில் அங்கிருந்து வரவே இல்லை, மேலேயிருந்து வழிந்து அங்கே வந்து தங்குகிறது.

அந்த மூன்றாவதிலிருந்தே தொடங்குங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டருக்கு நேர் மேலே பிளக்குகள். அதற்கும் மேலே டேப்பட் கவர் (என்ஜின் தலையை மூடும் தகரப் பெட்டி). அந்தக் கவருக்கு அடியில் கார்க் பேக்கிங் இருக்கும். பல வருடம் நின்ற வண்டியில் கார்க் காய்ந்து சுருங்கிவிடும். அதன் வழியே கசியும் ஆயில், பிளக்குகளின் பக்கமாக இறங்கி, டிஸ்ட்ரிபியூட்டரின் கிளாம்ப் தகட்டில் தேங்கி, அங்கிருந்து சொட்டும். கீழேயிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் டிஸ்ட்ரிபியூட்டரே கசிகிறது என்று சத்தியம் செய்யத் தோன்றும். ஃபேன் காற்றும் சேர்ந்துகொண்டு ஆயிலைப் பின்னோக்கி விசிறிவிடும். முன்னால் கசிந்தது பின்னால் தெரியும். ஆயில் ஃபில்டரும், ஆயில் பிரஷர் கேஜுக்குப் போகும் குழாயின் இணைப்பும் அதே வலப்பக்கம்தான் இருக்கின்றன. அவையும் சந்தேகப் பட்டியலில் உண்டு.

கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. இன்றும் அதற்கு நிகர் இல்லை. என்ஜின் ஆறியிருக்கும்போது, பேட்டரி கம்பியைக் கழற்றிவிட்டு, அந்தப் பக்கம் முழுவதையும் மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் போகாமல் பாலிதீன் பையைக் கட்டிக்கொள்ளுங்கள். துணியால் ஒற்றியெடுத்து, வாடை போகும்வரை நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தோடு ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரை எடுத்து டேப்பட் கவரின் ஓரம், பிளக்குகளுக்குக் கீழே, டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைச் சுற்றி, ஃபில்டர் இணைப்பு என்று எல்லா இடத்திலும் தூவுங்கள். வெள்ளை படிந்து நிற்கும். பிள்ளையார்பட்டி வரை போய்த் திரும்பி வாருங்கள். அந்த தூரம் போதும். வந்ததும் பானெட்டைத் திறந்து பாருங்கள். ஆயில் புறப்பட்ட இடத்தில் பவுடர் பழுப்பாக நனைந்து, அங்கிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் மேல்முனை எங்கே என்பதுதான் நமக்கு வேண்டிய விடை. உடனே தெரியாவிட்டால் இன்னும் கொஞ்சம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். அவசரம் வேண்டாம்.

கோடு டேப்பட் கவரிலிருந்து தொடங்கினால் வேலை சுலபம். புதிய கார்க் பேக்கிங் வாங்கி, கவரின் ஓரம் நெளிந்திருக்கிறதா என்று சமதளத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். மேலே இருக்கும் இரண்டு நட்டுகளை மிதமாக முடுக்கினால் போதும். பலம் கொண்ட மட்டும் முடுக்கினால் கவர் நடுவில் குழிந்து, ஓரம் தூக்கிக்கொண்டு முன்பைவிட அதிகமாகக் கசியும்.

பவுடர் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டைச் சுற்றித்தான் முதலில் நனைந்திருக்கிறது என்றால், அதைக் கழற்றுவதற்கு முன் இன்னொரு கேள்விக்கு விடை வேண்டும்: என்ஜின் ஒழுங்காக மூச்சு விடுகிறதா?

எந்த என்ஜினிலும் பிஸ்டன் ரிங்குகளை (பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள்) தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே சம்ப் (ஆயில் தேங்கும் அடித்தொட்டி) பக்கம் இறங்கத்தான் செய்யும். புது வண்டியிலும் அது உண்டு. அந்த வாயு வெளியேற உங்கள் என்ஜினில் இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று, டேப்பட் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகும் ரப்பர் குழாய். மற்றொன்று இடப்பக்கம், மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும் சைடு கவரிலிருந்து தரையை நோக்கி இறங்கும் இரும்புக் குழாய். இதை ப்ரீதர் (மூச்சுக் குழாய்) என்பார்கள். இவை அடைத்துக்கொண்டால் வாயு என்ன செய்யும்? குக்கரில் வெயிட் துவாரம் அடைத்துக்கொண்டால் கேஸ்கெட் ஓரமாக நீர் பீறிடுகிறதே, அதே கதைதான். எங்கே தடுப்பு பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளிக்கொண்டு வரும். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு அப்படி ஒரு பலவீனமான இடம். நீங்கள் புது வளையம் போட்டாலும், விலை உயர்ந்த பேஸ்ட் தடவினாலும், உள்ளே அழுத்தம் இருக்கிற வரை அது நிற்காது.

உங்கள் வண்டி பல வருடம் ஷெட்டில் நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடனே அந்த இரும்புக் குழாயின் ஞாபகம்தான் வந்தது. நின்றுபோன வண்டிகளில் அதன் கீழ்வாயில் குளவி மண்கூடு கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். வெளியே இருந்து பார்த்தால் சாதாரணச் சேறு மாதிரி இருக்கும். குத்தினால் கல்லாக இறுகியிருக்கும். வண்டிக்குக் கீழே ஒரு பழைய பாயை விரித்துப் படுத்து, டார்ச் அடித்து அந்தக் குழாயின் வாயைப் பாருங்கள். ஒரு கம்பியை விட்டுத் துழாவுங்கள். மண் உதிர்ந்தால் உங்கள் கசிவின் பாதிக் காரணம் கையில் கிடைத்த மாதிரி. மண் உள்ளே போய்விடாதபடி குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்வதே முறை. அந்தக் குழாய் தொடங்கும் சைடு கவரில் ஆயிலைப் பிரித்து நிறுத்த ஒரு கம்பி வலை இருக்கும். பழைய ஆயில் கசடு அதில் தார் போல அடைத்துக்கொண்டிருக்கும். கவரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, காற்று அடித்து, வெளிச்சத்தில் பிடித்தால் வலையின் கண்கள் தெரிய வேண்டும். மேனிஃபோல்டுக்கு அடியில் கைவிட வேண்டியிருப்பதால் பலரும் இந்த வேலையைத் தள்ளிப்போடுவார்கள். நீங்கள் தள்ளிப்போடாதீர்கள். மாட்டும்போது புது பேக்கிங் போடுங்கள். டேப்பட் கவரின் ரப்பர் குழாயும் மடங்கி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இந்த என்ஜினின் அமைப்பில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. கிராங்க் ஷாஃப்ட்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) பின்முனையில் இன்றைய வண்டிகளைப் போல ரப்பர் ஆயில் சீல் கிடையாது. தண்டின் மேலேயே திருகுவரி வெட்டியிருக்கும். சுழலும்போது அது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். உள்ளே அழுத்தம் கூடினால் அந்த ஏற்பாடு முதலில் தோற்கும். ஆகவே என்ஜினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடியிலும் ஆயில் சொட்டுகிறதா என்று பாருங்கள். அங்கேயும் சொட்டு, டிஸ்ட்ரிபியூட்டரிலும் சொட்டு என்றால் மூச்சுத் திணறலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரில் மட்டும் என்றால் வளையம்தான்.

ப்ரீதரைச் சுத்தம் செய்த பிறகு ஒரு சோதனை. என்ஜினைச் சூடாக்கி, ஐட்லிங்கில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்து, அப்படியே துவாரத்தின் மேல் தளர்வாக வையுங்கள். மூடி லேசாக அதிரலாம், அது இயல்பு. தாவிக் குதித்து, புகை குபுகுபுவென்று வந்தால் ரிங்குகளைத் தாண்டி வாயு அதிகமாக இறங்குகிறது. அப்போது கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்க்கச் சொல்லுங்கள். என்ஜின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்குகளையும் கழற்றியிருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டர் முழுக்க அழுத்தியிருக்க வேண்டும். கேஜை ஒவ்வொரு சிலிண்டராக வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றி நான்கு எண்களையும் தாளில் எழுதுங்கள். நான்கும் தாழாமல், ஏறக்குறைய சமமாக இருந்தால் கவலை இல்லை. ஒன்று மட்டும் மிகவும் தாழ்ந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு பக்கம் பார்க்க வேண்டும். அதிலும் உடனே பதற வேண்டாம். நெடுநாள் நின்ற என்ஜினில் ரிங்குகள் கசடில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். புது ஆயில் ஊற்றி ஒழுங்காக ஓட்ட ஓட்ட அவை விடுபடுவதும் உண்டு. சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அளந்து பார்த்து முடிவு செய்யலாம். என்னைக் கேட்டால், இந்த எண்களைப் பார்க்காமல் போர் செய்யச் சொல்கிறவரிடம் வண்டியை விடக் கூடாது.

இனி வளையம் மாற்றும் வேலைக்கு வருவோம். இதில் எல்லோரும் பயப்படுவது டைமிங் (பொறி விழ வேண்டிய நேரம்) கலைந்துவிடுமோ என்றுதான். கலையாமல் எடுக்க வழி இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் கழுத்தை ஒரு கிளாம்ப் தகடு கவ்விப் பிடித்திருக்கும். அந்தத் தகட்டில் கழுத்தை இறுக்கும் ஒரு போல்ட் உண்டு. தகட்டை என்ஜினோடு சேர்த்துப் பிடிக்கும் இரண்டு திருகுகளும் உண்டு. கழுத்தை இறுக்கும் போல்ட்டை யாரும் தொடக் கூடாது. அதைத் தளர்த்தினால் டைமிங் போய்விடும். அந்த இரண்டு திருகுகளை மட்டும் கழற்றினால் தகடும் டிஸ்ட்ரிபியூட்டரும் ஒன்றாக வெளியே வரும். திரும்ப வைக்கும்போது தகடு அதே துளைகளில்தான் உட்காரும். டைமிங்கும் இருந்த இடத்திலேயே இருக்கும். உங்கள் மெக்கானிக்கிடம் இந்த ஒரு வரியை மட்டும் படித்துக் காட்டினாலும் போதும்.

இன்னும் ஒரு பாதுகாப்பு அதன் அமைப்பிலேயே இருக்கிறது. தண்டின் அடிநுனியும், அது உட்காரும் பிளவும் சரி நடுவில் இல்லாமல் சற்றே ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். ஆகவே தலைகீழாக மாட்டவே முடியாது. உட்கார மறுத்தால் ரோட்டரை (மூடிக்குள் சுழலும் கை) அரைச் சுற்றுத் திருப்புங்கள், தானே இறங்கும். சுத்தியலால் தட்ட வேண்டிய அவசியமே வராது.

செய்யும் முறை இது. பேட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றுங்கள். மூடியின் இரண்டு கிளிப்களை விடுவித்து, பிளக் வயர்களைப் பிடுங்காமல் மூடியை அப்படியே ஓரமாக ஒதுக்கி வையுங்கள். வயர் வரிசை மாறும் பேச்சே இருக்காது. ஸ்டார்ட்டிங் ஹேண்டிலால் என்ஜினை மெல்லச் சுற்றி, கிராங்க் புல்லியின் வெட்டை டைமிங் கவரின் முனைக்கு நேராகக் கொண்டுவாருங்கள். ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் சேரும் மெல்லிய மின்கம்பியையும் வாக்குவம் குழாயையும் கழற்றுங்கள். பிறகு அந்த இரண்டு திருகுகள். உங்கள் 1968 வண்டி அங்குல அளவில் செய்தது. மில்லிமீட்டர் ஸ்பானரை வைத்துத் திருகித் தலையை மழுக்கிவிடாதீர்கள். கீழ்த்திருகு கைக்கு எட்டச் சிரமமாக இருக்கும். பொறுமையாகச் செய்யுங்கள்.

கையில் எடுத்ததும் தண்டுப் பகுதியைத் துடைத்துப் பாருங்கள். பள்ளம் வெட்டி அதில் ரப்பர் வளையம் இருந்தால், நகத்தால் அழுத்துங்கள். நல்ல வளையம் அமுங்கும். செத்த வளையம் பிளாஸ்டிக் போல உடையும், அல்லது உருண்டை வடிவம் போய்த் தட்டையாகிக் கிடக்கும். தண்டின் குறுக்களவையும் பள்ளத்தின் அகலத்தையும் வெர்னியரில் அளந்து, பழைய வளையத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆயில் சீல் கடைக்குப் போங்கள். நைட்ரைல் ரப்பர் (ஆயிலில் ஊறினாலும் உப்பாத ரப்பர்) வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள். காரைக்குடியில் கிடைக்காவிட்டால் மதுரையில் தேடுங்கள். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும் இருக்கவே இருக்கின்றன. பள்ளம் இல்லாத தண்டாக இருந்தால், கிளாம்ப் தகட்டுக்கு அடியில் மெல்லிய பேக்கிங் காகிதம் வெட்டிப் போட வேண்டும். கனமான காகிதம் வேண்டாம். அது டிஸ்ட்ரிபியூட்டரை மேலே தூக்கிவிடும், அடிநுனி பிளவில் முழுதாக இறங்காது. தகடு வளைந்திருக்கிறதா என்றும் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். கழுத்து போல்ட்டை யாராவது முன்பு மூர்க்கமாக முடுக்கியிருந்தால் தகடு நெளிந்திருக்கும்; அதுவே கசிவுக்குக் காரணமாகலாம்.

டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்ததும் அது உட்கார்ந்திருந்த குழல் (ஹவுசிங்) தெரியும். இது தனிப் பாகம். ஒரு திருகில் நிற்கிறது. பவுடர் கோடு இந்தக் குழலுக்கும் என்ஜினுக்கும் இடையில் தொடங்கியிருந்தால் மட்டும் இதைக் கழற்றி, சேரும் இடத்தைத் துடைத்து, மெல்லியதாக கேஸ்கெட் பேஸ்ட் தடவி மாட்டலாம். பேஸ்ட்டுக்கு இங்கே இடம் உண்டு. வெளியே அப்புவதற்கு இல்லை. வெளியே அப்பிய பேஸ்ட் ஆயில் ஈரத்தின் மேல் ஒட்டாது. அதன் பிசிறு உள்ளே விழுந்தால் ஆயிலோடு சேர்ந்து பம்ப்பின் வலைக்குப் போகும். முன்பு தடவிய பேஸ்ட் முழுவதையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். சுரண்டும்போது துவாரத்தில் சுத்தமான துணியை அடைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தெரியும் அந்தக் குட்டைத் தண்டை மட்டும் யாரும் உருவ வேண்டாம். அதை உருவினால் பல் மாறி உட்காரும். பிறகு டைமிங்கை முதலிலிருந்து வைக்க வேண்டும்.

இதோடு தண்டின் ஆட்டத்தையும் பார்த்துவிடுங்கள். ரோட்டர் உட்காரும் மேல்முனையை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். கைக்குத் தெளிவாக ஆட்டம் தட்டுப்பட்டால் உள்ளே புஷ் (தண்டு சுழலும் உலோகக் குழல்) தேய்ந்திருக்கிறது. அப்போது ஆயில் வெளியே மட்டும் கசியாது. தண்டோடு ஏறி மூடிக்குள்ளும் வரும். பாயிண்ட்டில் (மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் முனைகள்) ஆயில் படிந்தால் கருகும், வண்டி இழுக்கும்போது உதறும். நான்கு சிலிண்டருக்கும் பாயிண்ட் இடைவெளி ஒன்றுபோல வராது. மூடியின் உட்புறம் ஆயில் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம்: ரோட்டருக்கு அடியில் சில சொட்டு விட வேண்டிய ஆயிலை யாராவது தாராளமாக ஊற்றியிருப்பார்கள்.

புஷ் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் மாற்றிக்கொள்ளலாம். லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களின் புஷ் நுண்துளைகள் உள்ள வெண்கலம். ஆயிலை உறிஞ்சி வைத்துக்கொண்டு தண்டுக்குக் கொடுக்கும். பொருத்துவதற்கு முன் அதை மெல்லிய என்ஜின் ஆயிலில் 24 மணி நேரம் ஊறப்போட வேண்டும். பட்டறையில் நேரமில்லை என்பார்கள். ஆயிலை 100 டிகிரிக்குச் சூடாக்கி 2 மணி நேரம் வைத்து, அதிலேயே ஆறவிட்டாலும் போதும். ஊறாத புஷ் சீக்கிரம் தேய்ந்து, இந்தக் கசிவையே திரும்பக் கொண்டுவரும். சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் செய்த டிஸ்ட்ரிபியூட்டர்கள் ஏராளமான அம்பாசிடர்களில் ஓடின. பழைய உடம்பும் தண்டும் இன்றும் தேடினால் கிடைக்கின்றன. கிடைப்பதை வாங்குமுன் ஆட்டத்தைப் பார்த்து வாங்குங்கள்.

மாட்டும்போது புது வளையத்துக்கு என்ஜின் ஆயில் தொட்டு, மெல்லத் திருகியபடி இறக்குங்கள். வளையம் ஓரத்தில் வெட்டுப்படக் கூடாது. பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், அதாவது சுமார் 0.36 முதல் 0.41 மி.மீ. ஃபீலர் கேஜ் வைத்து அளந்துவிடுங்கள். டைமிங் மாறியிருக்காது, இருந்தாலும் டைமிங் லைட் உள்ள பட்டறையில் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. பிறகு மறுபடி கழுவி, மறுபடி பவுடர் தூவி, மறுபடி பிள்ளையார்பட்டி வரை போய் வாருங்கள்.

ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. கசிகிறதே என்று டிப் ஸ்டிக்கின் மேல்கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். அதுவே கசிவைக் கூட்டும். இந்த வயது என்ஜினுக்கு 20டபிள்யூ-50 பொருத்தமான ஆயில். இன்றைய வண்டிகளின் மெல்லிய ஆயில் இதற்கு ஆகாது. வேலை முடியும்வரை ஓட்டுவதாக இருந்தால் ஒவ்வொரு முறை எடுக்கும் முன்பும் அளவு பாருங்கள். ஆயில் சொட்டு என்ஜின் மவுண்டிங் ரப்பரிலும் வயர்களிலும் படாமல் துடைத்துவிடுங்கள். ஆயிலில் ஊறினால் இரண்டும் கெடும். தீயைவிட இந்தச் சேதம்தான் நிஜமானது. அதனால்தான் கசிவைச் சும்மா விட்டுவைக்கவும் சொல்ல மாட்டேன்.

விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கசிவுக்காக விற்க வேண்டாம். உத்தரபாரா ஆலை 2014-இல் அம்பாசிடர் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி புதிதாக ஒன்று வரப்போவதில்லை. அப்பா வைத்திருந்த வண்டி, ஓட்டத்தில் குறை இல்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். ஒரு வளையத்துக்காக அதைக் கைவிட்டால் பிறகு வருந்துவீர்கள்.

முதலில் பவுடர், பிறகு ப்ரீதர் குழாய், பிறகு வளையம். பவுடர் முதலில் நனைந்த இடம் எது, நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவு என்ன என்று எனக்கு எழுதுங்கள். அதுவரை என்ஜினை இறக்க யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள்.